சாரம் பிரித்த நாட்கள்

கட்டட வேலைக்காரர்கள் மத்தியில் அவனுக்கு முடிச்சு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஆஸ்பத்திரிச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பான். மூங்கிலையும் கயிற்றையும் வைத்து ஏழு மாடி எட்டு மாடிக்குச் சாரம் கட்டுகிற வேலை. அவன் போட்ட முடிச்சு நழுவி ஒருத்தன் விழுந்தான் என்று இருபது வருஷத்தில் ஒரு பேச்சு வந்ததில்லை. ராத்திரி மழை பெய்திருந்தால் மறுநாள் முதல் ஆளாக வந்து நிற்பான். நனைந்து இறுகிய கயிறு வெயில் ஏறினால் தளர்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு முடிச்சாகக் கையால் இழுத்துப் பார்த்துக்கொண்டே மேலே போவான். மற்றவர்கள் டீ குடித்து, பன் தின்று, நேற்றைய சண்டையைப் பேசி முடிக்கிறபோது அவன் நாலாவது மாடியில் இருப்பான். அப்படிப்பட்ட ஆளைக் கவிழ்த்தது அவனுடைய அஜாக்கிரதை என்றால் யாரும் ஒப்புக்கொள்வார்கள். ஜாக்கிரதைதான் கவிழ்த்தது என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் நடந்தது அதுதான்.

அந்தக் கூட்டத்துக்கு மேஸ்திரி வைத்த சட்டம் ஒன்று உண்டு. குடித்தவன் ஏறக்கூடாது. முந்தின நாள் குடித்த வாடை காலையில் மிச்சமிருந்தாலும் ஏறக்கூடாது. மேஸ்திரி ஒவ்வொருத்தன் முகத்துக்கும் கிட்டே போய் நின்று "ஊது" என்பார். வாடை வந்தால் அன்றைக்கு அவன் கீழே உட்கார்ந்து கயிறு வெட்ட வேண்டியதுதான். அவருடைய சொந்த மச்சானே இரண்டு நாள் அப்படி உட்கார்ந்திருக்கிறான். முடிச்சு ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. சாரம் கட்டுகிற நாள், அதன்மேல் பூச்சு வேலை நடக்கிற நாள், இருபது நாளானாலும் முப்பது நாளானாலும் ஒரு சொட்டுத் தொடமாட்டான்.

வேலை முடிந்து சாரத்தைப் பிரிக்கிற நாளில் கதையே வேறு. கடைசி மூங்கில் தரையில் விழுந்ததும் பாட்டில் வந்துவிடும். அத்தனை நாள் குடிக்காததற்கும் சேர்த்துக் குடிப்பார்கள். முடிச்சும் குடிப்பான், நிற்க முடியாத அளவுக்கு. இரண்டையும் கலக்கக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு. வேலை நாள் வேலைக்கு, பிரிக்கிற நாள் குடிக்கு.

ஆறு வருஷத்துக்கு முன்னால், வெளியூரில் அப்படி ஒரு சாரம் பிரித்த நாளில்தான் அந்த நோய் வந்தது. மேஸ்திரி விவரமான ஆள். "போகாதீங்கன்னா கேக்கப் போறதில்ல. இதையாவது போட்டுத் தொலைங்கடா" என்று ஆளுக்கு இரண்டு ஆணுறையைக் கையில் திணித்துத்தான் அனுப்புவார். முடிச்சும் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். ரயில் பாதை ஓரத்து வீட்டில் அவன் காசு கொடுத்துப் போன பெண் கேட்கவும் செய்தாள்.

"வெச்சிருக்கியா?"

"வெச்சிருக்கேன்."

எடுத்தான். ஈரக் கயிற்று முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்க்கிற மனுஷனுக்கு அந்தச் சின்னக் காகிதத்தைக் கிழிக்க விரல் வரவில்லை. இரண்டு தடவை கை நழுவிக் கீழே விழுந்தது. "சரி, விடு" என்று அவளே சொன்னாளோ, அவன் சொன்னானோ, அதுகூட அவனுக்கு ஞாபகம் இல்லை. அவளும் குடித்திருந்தாள். மறுநாள் தீப்பெட்டி எடுக்கப் பைக்குள் கையை விட்டபோது ஒன்று கசங்கியும் ஒன்று கசங்காமலும் இரண்டு உறையும் அப்படியே இருந்தன. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் புதுச் சாரத்துக்கு மூங்கில் வந்து இறங்கியதும் மறந்துவிட்டான். அந்த மூன்று நாளுக்குள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் வராமல் தடுக்க மாத்திரை இருந்தது என்பது அவனுக்குப் பின்னால்தான் தெரிந்தது. தெரிந்து என்ன பிரயோஜனம்?

ஒரு வருஷம் கழித்து விடாத காய்ச்சல். ஆள் பாதியானான். ரத்தம் பார்த்து எச்.ஐ.வி. என்று சொல்லிவிட்டார்கள். அவன் மனைவிக்கும் பார்த்தார்கள், அவளுக்கு இல்லை. அவன் மாதக்கணக்கில் வெளியூரில் கிடந்தது அவளைக் காப்பாற்றியிருக்க வேண்டும்.

அவள் வீட்டில் தையல் மெஷின் வைத்திருந்தாள். சட்டைக் காலர் மட்டும் தைக்கிற வேலை. வெட்டிய துணி மூட்டையாக வரும், காலராகத் திரும்பிப் போகும். அந்தச் செய்தி வந்த பிறகு மூன்று நாள் அவள் வாயைத் திறக்கவில்லை. மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நாலாம் நாள் சாப்பாடு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"போயிடலாம்னுதான் பார்த்தேன். எங்க அண்ணன் வீட்டுக்குப் போனாலும் உங்களைத் திட்டிக்கிட்டேதான் உக்காந்திருக்கணும். அதை இங்கேயே உக்காந்து திட்டிக்கிறேன். சாப்பிடுங்க."

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே அழுதான். அவள் ஒரு முட்டையைப் பொரித்துக் கொண்டுவந்து அதில் வைத்தாள்.

ஆஸ்பத்திரியில் ஆலோசகராக இருந்த பெண்ணுக்கு வயது முப்பதுகூட இருக்காது. பொறுமையாகச் சொன்னாள். தினம் ஒரு மாத்திரை, ஒரே நேரத்துக்கு. ஒழுங்காகப் போட்டால் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கிவிடும். இறங்கியே இருக்கும்வரை அவனிடமிருந்து அவன் மனைவிக்குப் போகாது. முடிச்சு மனசில் வாங்கிக்கொண்ட வார்த்தை அது ஒன்றுதான். ராத்திரி எட்டு மணி என்று வைத்துக்கொண்டார்கள். ஒரு வருஷத்தில் ரத்தப் பரிசோதனைக் காகிதம் அவள் சொன்னபடியே வந்தது. இனி உறைகூட வேண்டாம், நீங்கள் பயப்படாமல் குடும்பம் நடத்தலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அன்றைக்கு அவனுடைய மனைவி பக்கத்து வீட்டுக்காரி கேட்கும்படி சிரித்தாள். அந்த வீட்டில் அப்படிச் சிரிப்புக் கேட்டு நாளாயிருந்தது.

அந்த வருஷங்களில் சாரம் பிரிப்பது இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் அதிகம். பிறகு மேஸ்திரி பழைய வீடுகளுக்கு வெள்ளையடிக்கிற வேலைகளைப் பிடிக்க ஆரம்பித்தார். இரண்டு மாடி, மூன்று மாடி. திங்கட்கிழமை கட்டினால் புதன்கிழமை பிரித்துவிடலாம். வியாழன் கட்டினால் சனிக்கிழமை பிரித்துவிடலாம். சட்டம் மாறவில்லை. கட்டுகிற நாள் குடி கிடையாது, பிரிக்கிற நாள் உண்டு. முடிச்சு ஒரு விதியையும் மீறாமலேயே வாரத்துக்கு இரண்டு நாள், மூன்று நாள் குடிக்கிறவன் ஆனான்.

*

ஆலோசனை அறைக்கு அவர்கள் இருவரையும் சேர்த்து வரச்சொன்னது ஒரு மழைநாள் காலையில். சின்ன அறை. ஒரு மேஜை, மூன்று நாற்காலி, சுவரில் ஒரு கடிகாரம். மனைவி ஈரக் குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"ஏன் வரச் சொன்னேன்னு போன்லயே சொன்னேன்ல" என்றாள் ஆலோசகர். "கிருமி ஏறியிருக்குண்ணா. கொஞ்சம் நஞ்சம் இல்ல, ஆயிரக்கணக்குல. மாத்திரை டப்பா கொண்டு வந்தீங்களா?"

"கொண்டு வராம? இந்தாங்க."

அவள் ஒரு காகிதத்தின்மேல் கொட்டி விரலால் தள்ளித் தள்ளி எண்ணினாள்.

"இன்னிக்கு இதுல ரெண்டு இருக்கணும். பதிமூணு இருக்கு."

"இருக்கும். பழசும் வீட்டுல இருக்கு. ஒண்ணைக்கூட வீணாக்கல."

"ஏன்ணா போடல?"

"போடலையா?" முடிச்சுக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. "எட்டுன்னா எட்டு. அடுப்புல சோறு தீஞ்சாலும் முதல்ல மாத்திரைதான். இவளையே கேளுங்க. குடிக்காத அன்னிக்கு ஒரு நாள் தப்பினதில்ல."

"குடிச்ச அன்னிக்கு?"

"குடிச்ச அன்னிக்கு எப்படிப் போடறது?" விவரம் தெரியாத பிள்ளையிடம் பேசுவதுபோல அவன் குரலைத் தணித்துக்கொண்டான். "ரெண்டும் கலக்கக்கூடாதுல்ல."

"யாரு சொன்னா?"

முடிச்சு யோசித்தான். டாக்டர் சொன்னாரா? இல்லை. இந்தப் பெண் சொன்னாளா? இல்லை. யாரும் சொல்லவில்லை. அவன் கையும் காலும் இருபது வருஷமாகத் தெரிந்துவைத்திருந்த விஷயம் அது. யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்ன?

"நான்தான்" என்றாள் மனைவி.

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"இவர் பாட்டுக்குப் போடாமத்தான் இருந்தார். இருந்தாலும் எனக்குப் பயம். போதையில தடுமாறி எடுத்துப் போட்டுட்டா? குடிச்ச வயித்துல மாத்திரை போனா ஈரல் வெந்துடும்னு துணி மூட்டை கொண்டு வர்றவ சொன்னா. அதனால இவர் குடிச்சுட்டு வந்தா நான் டப்பாவைத் தூக்கி அலமாரிக்கு மேல வெச்சிடுவேன். காலையிலதான் எடுப்பேன்."

"டப்பாவைக் கொண்டு வாங்கன்னு உங்ககிட்ட எத்தனை தடவை சொன்னேன்கா? மாசாமாசம் நீங்கதானே வந்து வாங்கிட்டுப் போனீங்க."

"மறந்துட்டேன்னு சொன்னேன். மறக்கல. மிச்சம் இருக்கிறதைப் பார்த்தா இவர் குடிக்கிறது தெரிஞ்சிடும். நீங்க இவரைத் திட்டுவீங்க. திட்டினா இவர் ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டார்."

ஆலோசகர் மாத்திரைகளை ஒவ்வொன்றாக டப்பாவுக்குள் போட்டாள். கடைசி மாத்திரையைப் போட்டு மூடியைத் திருகினாள்.

"தப்பு எங்க மேலயும் இருக்குண்ணா. குடிக்காதீங்க, குடிக்காதீங்கன்னு சொல்லிட்டே இருந்தோம். குடிச்சா என்ன பண்ணணும்னு சொல்லாம விட்டுட்டோம். இப்ப சொல்றேன், கேட்டுக்குங்க. குடிக்கிறது கெடுதல்தான், குறைக்க நானே வழி பண்றேன். ஆனா குடிச்சாலும் மாத்திரையைப் போடணும். தள்ளாடிக்கிட்டு வந்தாலும் போடணும். போட்டா ஒண்ணும் ஆகாது. போடாம விட்டாத்தான் ஆகும்."

"போட்டா ஒண்ணும் ஆகாதா?"

"ஆகாதுண்ணா."

முடிச்சு நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். எட்டாவது மாடியில் ஒற்றை மூங்கில்மேல் நிற்கும்போது வராத தலைசுற்றல் அந்த அறையில் வந்தது.

"இன்னொண்ணு கேக்கணும்" என்றாள் ஆலோசகர். "இந்த மாசங்கள்ல நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து இருந்தீங்களா? உறை போட்டு?"

மனைவி குடையைப் பார்த்தாள். முடிச்சு ஜன்னலைப் பார்த்தான். உறை எதற்கு? டாக்டரே வேண்டாம் என்று சொன்னாரே. அதைவிட ஒரு கேடு இருந்தது, அதை அவன் வெளியே சொல்லவில்லை. வேலை நாட்களில் மூங்கில் தூக்கின தோள்வலியோடு வந்து சுருண்டு படுத்துவிடுவான். அவளிடம் ஆசையாகப் பேசுவதும் பக்கத்தில் போவதும் குடித்த நாளில்தான். அவள் டப்பாவை அலமாரிமேல் தூக்கி வைத்த அதே நாட்களில்.

"அக்காவுக்கு இன்னிக்கே ரத்தம் பார்த்துடலாம்" என்றாள் ஆலோசகர்.

*

நடையில் ஒரு நீளமான பெஞ்சு. மழை விட்டிருந்தது, கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. பஞ்சை முழங்கை மடிப்பில் அழுத்திப் பிடித்துக்கொண்டு மனைவி அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முடிவு வர ஒரு மணி நேரம் ஆகும்.

"டீ வாங்கிட்டு வரட்டுமா?"

"வேணாம்."

"பசிக்குதா?"

"வேணாம்ங்க. சும்மா உக்காருங்க."

சும்மா உட்கார்ந்திருப்பது அவனுக்கு எப்போதும் வராது. பெஞ்சின் அடியில் கிடந்த சணல் துண்டு ஒன்றை எடுத்து விரலில் சுற்றினான், அவிழ்த்தான், மறுபடியும் சுற்றினான்.

"உன்மேல தப்பு இல்ல" என்றான்.

"யாரு தப்புன்னு நான் கேக்கவே இல்லையே."

"இல்ல, உள்ள நீ சொன்னே, நான்தான்னு."

"நான் எடுத்து மேல வெச்சேன்ல? அதைச் சொன்னேன். எவ்வளவு பெருமையா வெப்பேன் தெரியுமா? குடிகாரப் புருஷனை வெச்சுக்கிட்டு எவ இவ்வளவு ஜாக்கிரதையா இருப்பான்னு நினைச்சுப்பேன்." அவள் சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. "நீங்க ஒரு தடவை எம்பி எடுக்கப் பார்த்தீங்க. ஞாபகம் இருக்கா?"

"எப்ப?"

"போன வருஷம். 'குடு, ஒண்ணும் ஆகாது, போட்டுக்கறேன்'னீங்க. நான் உங்க கையைப் பிடிச்சு இழுத்துப் படுக்க வெச்சேன்."

அவனுக்கு ஞாபகம் இல்லை. இல்லவே இல்லை. அந்த ஒரு நாள் அவன் சரியாக இருந்திருக்கிறான், அதுவும் போதையில். இவள் கையை உதறிவிட்டு எடுத்துப் போட்டிருக்கக் கூடாதா? குடிகாரனுக்கு உரிய முரட்டுத்தனம் அன்றைக்கு எங்கே போயிற்று?

கதவு திறந்து அவளை மட்டும் கூப்பிட்டார்கள். முடிவை முதலில் அவரவரிடம்தான் சொல்வார்களாம். முடிச்சு எழுந்து நின்றான், பிறகு உட்கார்ந்தான். எதிர்ச் சுவரில் சுண்ணாம்பு பொரிந்திருந்தது. இதற்கு ஒற்றைச் சாரம் போதும், அரை நாள் வேலை என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. தூ, என்ன மனசு இது என்று தன்னையே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவள் வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கையில் ஒரு டப்பா இருந்தது. வெள்ளை டப்பா, நீல மூடி. முடிச்சு அவசரமாகத் தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். அவனுடைய டப்பா அங்கேயே இருந்தது.

"மூணு விதமாப் பார்த்துட்டாங்களாம்" என்றாள். "இன்னிலேர்ந்தே ஆரம்பிக்கணுமாம். தினம் ஒண்ணு. உங்களுக்குக் குடுக்கிற அதே மாத்திரைதான். உங்களுக்கு மாத்தணுமான்னு இன்னொரு ரத்தம் பார்த்துச் சொல்வாங்களாம். அதுவரைக்கும் இதையே போடச் சொன்னாங்க."

"ஏய்..." என்றான்.

"நான் பஸ்ல போறேன். நாலு மூட்டை காலர் கிடக்கு. நீங்க எங்க போகணுமோ போயிட்டு வாங்க."

அவள் போனாள். குடையைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

*

முடிச்சு போனது வேலை இடத்துக்குத்தான். வேறு எங்கே போவான்? கால்கள் வேறு இடம் அறியாதவை. மூன்று மாடி வீடொன்றில் அன்றைக்குச் சாரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நனைந்த மூங்கில் ஒவ்வொன்றாக இறங்கிவந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு முடிந்து, மூங்கில் அடுக்கின்மேல் உட்கார்ந்து வழக்கம்போல ஊற்றினார்கள். ஒரு டம்ளர் அவன் கைக்கும் வந்தது. வாங்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் வாங்கினான். நினைத்துக்கொண்டேதான் குடித்தான்.

மேஸ்திரி அவனைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். அவருக்கு அவன் நோய் ஆரம்பத்திலிருந்தே தெரியும்.

"மூஞ்சி ஏண்டா பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"அவளுக்கும் வந்துடுச்சுண்ணே."

மேஸ்திரி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "நீதான் நாள் தவறாம மாத்திரை போடறவனாச்சே?"

முடிச்சு சொன்னான். குடித்த நாள், குடிக்காத நாள், அலமாரிக்கு மேல் டப்பா, எல்லாவற்றையும் சொன்னான். மேஸ்திரி தலையில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"அடப்பாவி. குடிச்சவன் ஏறக்கூடாதுன்னுதானேடா சொன்னேன். குடிச்சவன் மருந்து தின்னக்கூடாதுன்னா சொன்னேன்?"

"நீங்க சொல்லலண்ணே."

"எத்தனை வருஷம் ஆளாளுக்கு உறை வாங்கிக் குடுத்திருக்கேன். ஒருத்தன், ஒரே ஒருத்தன் அதைப் போதையில ஒழுங்காப் போட்டிருப்பானா? இவனுங்க மேல இருக்கும்போது அத்தனை பேரும் புத்திசாலி. பிரிச்சு எறக்கினதும் ஒருத்தனுக்கும் புத்தி கிடையாது. அந்த நேரத்துல கையில குடுத்து என்ன பிரயோஜனம்? எனக்கு அது உறைக்கவே இல்ல பாரு." அவர் மூங்கில் அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். அங்கே எதற்கோ பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "இன்னும் எவன் எவன் எதை எதை மனசுல வெச்சுக்கிட்டுத் திரியறானோ."

"நான் வீட்டுக்குப் போகட்டாண்ணே?"

"போ. போய் அவ கால்ல விழு."

"விழவிட மாட்டாண்ணே."

"அதுவும் சரிதான்" என்றார் மேஸ்திரி. அவருடைய கண் கலங்கியிருந்ததை முடிச்சு அன்றுதான் முதல்முறை பார்த்தான்.

குடித்தது தெளியட்டும் என்று நாலு தெரு நடந்தான். தெளியவில்லை. வீட்டுக்குள் நுழைந்தபோது எட்டாகப் பத்து நிமிஷம் இருந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தைத்த காலர்கள் ஒரு பக்கம் குவிந்து கிடந்தன. சோறும் குழம்பும் மூடி வைத்திருந்தாள். அவன் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கதவோரமே உட்கார்ந்தான்.

எட்டு மணிக்குக் கைபேசியில் அலாரம் அடித்தது. அவள் மெஷினை நிறுத்தி எழுந்து, இரண்டு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். ஒன்றை அவன் முன்னால் வைத்தாள். தன் டப்பாவின் மூடியைத் திருகத் தெரியாமல் இரண்டு தடவை முயன்றாள்.

"அமுக்கித் திருகணும்" என்றான்.

அமுக்கித் திருகினாள். மாத்திரையை நாக்கில் வைத்துத் தண்ணீர் குடித்தாள். தொண்டையைத் தடவிக்கொண்டாள்.

"பெரிசா இருக்கு. தினமும் எப்படி முழுங்கினீங்க?"

தன் மாத்திரையை உள்ளங்கையில் எடுத்தான். எடுத்த கை பாதி வழியில் நின்றது. இத்தனை வருஷப் பழக்கம், அவன் சொன்னாலும் கேட்காமல் நின்றது.

"குடிச்சிருக்கேன்" என்றான்.

"தெரியுது. போடுங்க."

"கை வரமாட்டேங்குது."

"போடுங்கன்னா."

"உனக்கு வந்துடக்கூடாதுன்னுதானே..." என்றான். "உனக்காகத்தானே இத்தனை வருஷம் நேரம் பார்த்துப் பார்த்து..."

"ஆமா. எனக்காகத்தான் போட்டீங்க. எனக்குத் தெரியாதா?" அவள் அவன் எதிரே தரையில் உட்கார்ந்தாள். கோபம் இல்லை அவள் குரலில். இருந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "இனிமே எனக்காகப் போட வேண்டியதில்ல. அது முடிஞ்சு போச்சு. உங்களுக்குன்னு போடுங்க."

முடிச்சு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான். அது சாராயத்தின்மேல் போய் இறங்கியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை.